சங்கிலிக்காரனின் ஐந்தாவது ஸ்டேஜ்

கல்லுமலைத் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
1.12.1996

அன்புத் தம்பி அழகனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த இருமல் விட்டதா? அதை முதலில் எழுது.

தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன டீவி கேமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்றுதானே கொண்டுவந்தாய்? அப்பா ஒரே ஒரு நாள் பார்த்தார். "இந்தப் பய ஏன் சும்மா சும்மா விழுந்து சாகுறான்?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இப்போது விளையாடுவது நான்தான். முப்பத்து நான்கு வயதில்!

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா மூடியிருக்கும். மற்ற ஆறு நாளும் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் முப்பது பேர் என் சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு வந்தால் என்னைக் கூப்பிட ஒரு குரல் இல்லை. என்னோடு படித்தவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். அப்பாவின் காது இன்னும் மந்தம். ஒரு பேச்சை நான்கு தரம் கத்த வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு பேருமே பேச்சைக் குறைத்துக்கொண்டோம். சும்மா இருக்க முடியாமல், கரண்ட் வராத நம் வீட்டுக்கென்று நீ செய்து தந்த வயரைக் கார் பேட்டரியில் மாட்டினேன்.

இரும்புக் குண்டு கட்டிய சங்கிலியோடு ஓடுகிறானே, அவனுக்குச் சங்கிலிக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி வருகிறது. அதைத் தாண்ட முடியவில்லை. நாலு ஞாயிறாகத் தண்ணீரில் விழுகிறான். எப்படி என்று எழுது. சனிக்கிழமை ஆனால் பேட்டரி இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுகிறது. சார்ஜ் போட்டு வந்த மறுநாள்தான் எனக்கு நல்ல நாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நாகலெட்சுமி

—

கொழும்பு.
9.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. அப்பாவை நான் கேட்டதாகக் கத்திச் சொல்லுங்கள்.

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன். முத்துலிங்கம் (என்னோடு வேலை செய்கிற ஹட்டன் பையன், சொல்லியிருக்கிறேன் அல்லவா) பயந்தே போனான்.

அக்கா, உலகத்திலேயே அந்த கேமை விளையாடுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். அந்த கேசட் கடைக்கு இரண்டு வந்தது. மேலே ஜப்பான் எழுத்து. பெயர்கூடத் தெரியாது, பட்டியலில் முப்பத்தொன்று என்று எண் மட்டும் போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் துவக்குச் சுடுகிற கேசட்டைத்தான் கேட்கிறார்கள். ஒன்றை உங்களுக்குத் தந்தேன். மற்றதைச் சாப்பாட்டு நேரத்தில், ரிப்பேர் பார்க்கிற டீவியில் நான் விளையாடுகிறேன். "டேய், சோறு ஆறுது, அந்தச் சனியன விட்டுட்டு வாடா" என்று முத்துலிங்கம் தினமும் கத்துவான்.

பாரந்தூக்கிக்கு வழி இதுதான். பாய வேண்டாம். விளிம்பில் நின்று மேல் பட்டனை அழுத்திக்கொண்டே சங்கிலியை வீசுங்கள். கொக்கியில் மாட்டும். ஊஞ்சல் மாதிரி இரண்டு தரம் ஆடி, மூன்றாவதில் விடுங்கள்.

இரண்டாவது ஸ்டேஜ் காடு, லேசு. மூன்றாவது ரயில் கூரை. அங்கே இரண்டு கதவுகள் வரும். சிவப்புக் கதவுக்குள் போகாதீர்கள், நேராக சாவுதான். நான் இப்போது நான்காவதில் பனி மலையில் நிற்கிறேன். தொடக்கத்தில் வருகிற படத்தில் ஏழு புள்ளிகள் இருக்கின்றன, பார்த்தீர்களா? ஆக ஏழு ஸ்டேஜ். யார் முதலில் முடிப்பது, பார்ப்போம்.

பொங்கலுக்கு வருவேன்.

அன்புத் தம்பி,
அழகன்

—

லிந்துலை.
5.1.1997

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. அங்கே வெயில் எப்படி?

பாரந்தூக்கியைத் தாண்டிவிட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் விட்டேன், பறந்துபோய் அந்தப் பக்கம் விழுந்தான். நான் கைதட்டியதில் அப்பா எழுந்து, "யாரு வந்துருக்கா?" என்று கேட்டார்.

ஆனால் நீ ஒரு கெட்டிக்காரன்! சிவப்புக் கதவுக்குள் போகாதே என்று எழுதிவிட்டாய். நம் வீட்டு டீவியில் எது சிவப்பு? எல்லாம் சாம்பல். ஒன்பது தரம் செத்தேன். பிறகு கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாம்பல் மற்றதைவிடக் கொஞ்சம் கறுப்பு. அதுதான் சிவப்பு என்று பிடித்துக்கொண்டேன். இப்போது பனி மலைக்கு வந்தாயிற்று. கால் வழுக்குகிறது. நீ வந்து சொல்லித் தா.

பொங்கலுக்கு எந்த ரயில்? அப்பா இப்போதே ஒவ்வொரு நாளாக எண்ணுகிறார். அடையாள அட்டைக்குப் போட்ட மனு என்ன ஆயிற்று? வரும்போது தோட்டத்துக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள். வழியில் சோதனை கூடிவிட்டது என்கிறார்கள்.

அக்கா,
நாகலெட்சுமி

—

கொழும்பு.
16.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். பொங்கலுக்கு வராததற்கு மன்னியுங்கள். கடையில் திடீரென்று வேலை கூடிவிட்டது. முதலாளி விடவில்லை. நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் சேர்ந்துதான் கிடைத்தன. இனிமேல் முத்துலிங்கத்தின் பெயருக்கு, கீழே இருக்கிற விலாசத்துக்கு எழுதுங்கள். கடைக்கு வருகிற தபால் தவறிப்போகிறது.

பேனா தீர்ந்துவிட்டது, அதனால்தான் பென்சில்.

பனி மலையில் ஓடக் கூடாது அக்கா. நடக்க வேண்டும். சறுக்கத் தொடங்கினால் உடனே சங்கிலியைத் தரையில் அடியுங்கள், நின்றுவிடுவான். உச்சியில் ஒரு வெள்ளைக் கரடி வரும். அது மூன்று தரம் உறுமும். மூன்றாவது உறுமல் முடியும் மட்டும் கிட்டப் போகாதீர்கள்.

நான் ஐந்தாவது ஸ்டேஜுக்குப் போய்விட்டேன். அது ஒரு பெரிய வெளி. எதிரி ஒருத்தனும் இல்லை. சுவர் இல்லை, கதவு இல்லை. புல் மட்டும். சங்கிலிக்காரன் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஓடிக்கொண்டே இருக்கலாம். மேலே வானம் நீலமாக இருக்கும், உங்கள் டீவியில் தெரியாது.

அப்பாவை எனக்காக நன்றாகக் கவனியுங்கள்.

அழகன்

—

லிந்துலை.
16.3.1997

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி ஒன்றுமில்லை.

நீ சொன்னபடி மூன்றாவது உறுமல் வரைக்கும் பொறுத்து, கரடியை அடித்துவிட்டேன். ஐந்தாவது ஸ்டேஜ் வந்தது. வெளி வரும் என்று ஆசையோடு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இங்கே ஐந்தாவது ஒரு சுரங்கம். ஒரு ஆள் நுழையும் அகலம். கீழேயிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. இரண்டு பக்கமும் ஈட்டி. நீ எழுதிய புல்லும் வானமும் எங்கேயும் இல்லை. முதல் நாலு ஸ்டேஜும் நீ சொன்னது வரிக்கு வரி சரியாக இருந்ததே, இது மட்டும் ஏன் மாறிப்போனது? உன் கேசட்டை இன்னொரு தரம் போட்டுப் பார்த்து எழுது.

பேனா இன்னும் வாங்கவில்லையா? இரண்டு பேனா இந்த உறைக்குள் வைத்து அனுப்பலாம் என்றால் தபால்காரர் உடையும் என்கிறார். சித்திரை வருசத்துக்காவது வந்துவிட்டுப் போ. ஒரு நாள் போதும்.

நாகலெட்சுமி

—

கொழும்பு.
21.4.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வருசப் பிறப்புக்கும் வர முடியவில்லை. கோபிக்காதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கேசட் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது போல. என்னுடையதில் வெளிதான். அந்த வெளிக்குப் பிறகு ஒரு ரயில் வருகிறது. அதில் ஏறிக்கொண்டால் மலைக்குப் போகிறது. எதிரிகள் இல்லை. ரயிலில் இருக்கிறவர்கள் சங்கிலிக்காரனுக்கு இடம் கொடுக்கிறார்கள். இங்கே என்னோடு இருக்கிற சின்னராசாவுக்கு அந்த ஸ்டேஜ்தான் மிகவும் பிடிக்கும். உடப்புசல்லாவைக்காரர், இருபத்தெட்டு வயது. அறையில் நாங்கள் பதினொரு பேர். எல்லோரும் நல்லவர்கள்.

அப்பாவுக்கு என் கடிதங்களை வாசித்துக் காட்ட வேண்டாம். சுகம் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களும் என்னைப் பார்க்கக் கொழும்புக்கு வர நினைக்க வேண்டாம். இங்கே இப்போது சூழ்நிலை சரியில்லை.

அழகன்

—

லிந்துலை.
27.4.1997

திரு. முத்துலிங்கம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. அழகனின் அக்கா. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் தம்பி எனக்குப் பொய் எழுதுகிறான். நீங்கள் மூன்று பேர் ஒரு அறையில் இருப்பதாகத் தீபாவளிக்குச் சொன்னான். இப்போது பதினொரு பேர் என்கிறான். பேனா கிடைக்காத கடை கொழும்பில் இல்லை. அவன் சொல்கிற ஸ்டேஜ் அந்த கேசட்டில் இல்லை. அது அவனாகக் கட்டியது. ஊரில் என் காதுபடப் பேசுகிற விஷயங்கள் எனக்கும் தெரியும். அம்மா ராக்காயி போனபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவனை வளர்த்தவள் நான். அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு வரியில் எழுதினால் போதும். நான் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட மாட்டேன்.

நாகலெட்சுமி

—

கொழும்பு.
5.5.1997

மதிப்புக்குரிய அக்கா,

நீங்களும் அப்பாவும் தைரியமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஜனவரி பதினோராம் தேதி நாங்கள் இருந்த இடத்தைப் போலீஸ் சுற்றி வளைத்துச் சோதனை போட்டது. என்னிடம் அடையாள அட்டை இருந்தது. அழகனிடம் தோட்டத்துக் கடிதம்தான், அதிலும் தேதி முடிந்திருந்தது. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சிறையில் இருக்கிறான். அவன் மேல் வழக்கு என்று எதுவும் இல்லை. ஆள் யார் என்று நிரூபிக்கத்தான் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், இவற்றோடு வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வர வேண்டும் என்று வழக்கறிஞர் பெப்ரவரியிலேயே சொன்னார்.

உங்களுக்கு எழுதவா என்று கேட்டேன். "அப்பா தாங்க மாட்டாரு. அக்கா தனியா எங்கெங்கேயோ அலையணும். இன்னைக்கு நாளைக்கு விட்டுருவாங்கடா, சொல்லாத" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தியம் வாங்கிக்கொண்டான். மாதம் இரண்டு தரம் போய்ப் பார்க்கிறேன். காவலாளி மூலம் அவன் தருகிற கடிதத்தை நான்தான் தபாலில் போடுகிறேன். இன்றைக்கு நாளைக்கு என்று நாலு மாதம் ஆகிவிட்டது. சத்தியத்தை மீறியதற்கு அவன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த கேமில் அவன் நான்காவது ஸ்டேஜைத் தாண்டவே இல்லை அக்கா. பிடிபட்டதற்கு முதல் நாள் கரடியை அடித்தான். "அஞ்சாவத நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லி டீவியை மூடினான்.

முத்துலிங்கம்

—

லிந்துலை.
1.6.1997

என் தம்பி அழகனுக்கு,

வியாழக்கிழமை உன்னை நேரிலேயே பார்த்துவிட்டதால் இந்தத் தரம் சுகம் கேட்கவில்லை. மெலிந்துவிட்டாய். கண்ணால் பார்த்தேனே, அதுவே பெரிது. இதையும் முத்துலிங்கம் கையில்தான் அனுப்புகிறேன்.

இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி, இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர். அப்பாவிடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால் நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. "ஏன் வந்தீங்க?" என்று கேட்டது மட்டும் நன்றாகக் கேட்டது. கம்பி வலைக்கு முன்னால் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

பிறப்புச் சான்றிதழ் எடுக்க நுவரெலியாவுக்கு மூன்று தரம் போனேன். முதல் நாள் புத்தகத்தில் உன் பெயரே இல்லை என்றார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நோனா, ஆயெத் பலன்ன" என்று கெஞ்சினேன். இன்னொரு தரம் பாருங்கள் அம்மா என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா தானாகவே பக்கத்து வருசத்துப் புத்தகத்தையும் திறந்து பார்த்தார். பெயரில் ஒரு எழுத்து மாறி, அங்கே நீ இருந்தாய். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முதலில், "ஒன் தம்பி என்ன செஞ்சானோ, நாங்க எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். "அவன் இந்தத் தோட்டத்துல பொறந்தான்னு மட்டும் எழுதிக் குடுங்க சார், அவன் நல்லவன்னு எழுதச் சொல்லல" என்றேன். ஆபீஸ் வாசலில் மாலை வரைக்கும் நின்றேன். எழுதிக் கொடுத்தார்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் வைத்துச் சொன்னால் லயத்தில் வரிசை வீடு முழுதும் கேட்கும். அதனால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தேயிலை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "தம்பியப் பிடிச்சு வச்சிருக்காங்கப்பா!" என்று கத்தினேன். எதிர் மலையிலிருந்து அது திரும்பி வந்தது. அப்பா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "சாப்பாடு போடுறாங்களாமா?" என்று கேட்டார். போடுகிறார்கள் என்று தலையாட்டினேன். பிறகு எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். முழங்கால் வலி இருக்கிறவர் மாதிரி நடக்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி உன்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். நான் அங்கே நிற்பேன். நீ அன்றைக்கே எனக்கு எழுதியிருந்தால் மார்ச்சிலேயே வெளியே வந்திருப்பாய். இதற்காக உன்னை நான் ஒருநாள் நன்றாகத் திட்ட வேண்டும். இப்போது இல்லை.

அக்கா

—

ஹட்டன்.
17.8.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஹட்டனில் மழை விடவில்லை. ரேடியோக் கடையில் வேலை பிடித்துப்போய்விட்டது. மேலே உள்ள அறையில் படுக்கிறேன், சாப்பாடும் பரவாயில்லை. அப்பாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

விடுதலையாகி வந்து மூன்றே வாரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். இருக்க முடியவில்லை அக்கா. லயத்தில் ஒவ்வொருவராக வந்து, "அடிச்சாங்களா தம்பி?" என்று கேட்டார்கள். அப்பா நான் தூங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. டீவி கேமைத் தொடவே மனம் வரவில்லை. அதைப் பார்த்தீர்கள், அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே பகல்தான் நீளம். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே பிடிக்காது. ஒருநாள் சும்மா சங்கிலிக்காரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாரந்தூக்கி, காடு, ரயில் கூரை. பட்டன் அழுத்துவதைக்கூடச் சொல்ல வேண்டும். கையைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். சின்னராசா அண்ணன் சரியாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சு?" என்பார். நாலு ஸ்டேஜையும் ஒரு மாதத்துக்கு இழுத்தேன். அதற்குப் பிறகு எனக்கே தெரியாது. உள்ளே இருக்கிறவர்களுக்குச் சுரங்கமும் ஈட்டியும் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது, தெரிந்திருந்தாலும். அதனால் வெளி என்று சொன்னேன். அன்றைக்கு மற்றப் பத்துப் பேரும் அவனை இன்னும் கொஞ்சம் ஓடவிடச் சொன்னார்கள். உங்களுக்கும் அதையே எழுதிவிட்டேன். எழுதும்போது அது பொய் என்று தோன்றவில்லை.

எங்கள் அறையில் இருந்தவர்களில் எட்டுப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். சின்னராசா அண்ணன் இன்னும் உள்ளேதான். அவருக்கும் என்னைப் போலத்தான், வழக்கு இல்லை, கடதாசி இல்லை. பார்க்க ஒருவரும் வருவதில்லை. நான் கிளம்புகிற அன்று சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ஸ்டேஜ் என்னன்னு எழுதிப் போடு" என்றார்.

அவருக்கு இனிமேல் கட்டிச் சொல்ல மனம் இல்லை. உண்மையில் எப்படி முடிகிறது என்று நீங்கள் விளையாடிப் பார்த்து எழுதுவீர்களா? நான் அவருக்கு அனுப்புகிறேன்.

அழகன்

—

லிந்துலை.
14.9.1997

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு நானே தேய்த்துவிடுகிறேன். நீ சாப்பாடு பரவாயில்லை என்று எழுதினால் எனக்குப் போதாது. என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

இன்றைக்கு முடித்துவிட்டேன். ஐந்தாவது சுரங்கத்துக்கு மட்டும், மார்ச்சில் தொடங்கியதையும் சேர்த்து, ஏழு ஞாயிறு. தண்ணீருக்கு முன்னால் ஓடக் கூடாது, தண்ணீர் நம்மைத் தூக்கும் வரைக்கும் நின்று, அதோடு சேர்ந்து மேலே வர வேண்டும். அது தெரிய இவ்வளவு நாள். ஆறாவது இடிந்த கோட்டை. ஏழாவது ஒரு கலங்கரை விளக்கம், படி படியாக ஏற வேண்டும். உச்சியில் பெரிய ஆள் ஒருத்தன் நிற்பான் என்று நினைத்தேன். ஒருத்தனும் இல்லை. ஒரு விளக்கு மட்டும். சங்கிலியை வீசினால் அது எரிகிறது. கடலில் ஒரு படகு வருகிறது. அவன் சங்கிலியைக் கீழே போடுகிறான். இரண்டு வரி ஜப்பான் எழுத்து வருகிறது. பிறகு மறுபடியும் துறைமுகம், மறுபடியும் மூன்று உயிர். அவ்வளவுதான். அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். "படகுல யாரு?" என்று கேட்டார். படகில் யார் என்று காட்டவில்லை. நடந்தது இதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

இதைச் சின்னராசாவுக்கு நீ தபாலில் அனுப்ப வேண்டாம். நானே கொண்டுபோகிறேன்.

போன ஞாயிறு உடப்புசல்லாவைக்குப் போனேன். இரண்டு தோட்டங்களில் அவரைத் தெரிந்தவர் இல்லை. மூன்றாவதில் அவர்கள் இருந்த லயம் மண்சரிவில் போய்விட்டது. தாயும் தகப்பனும் இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் அழகுமுத்து வீட்டைத் தேடிப் பிடித்தேன். "சின்னராசாவா? கணக்குல நல்ல பையனாச்சே" என்றார். ஞாயிறு என்றும் பார்க்காமல் பள்ளிக்கூடத்தைத் திறந்து, பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் பழைய சேர்வு இடாப்பை எடுத்தார். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் எல்லாம் இருந்தது. தன் கையால் பிரதி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அதை வைத்துக்கொண்டு புதன்கிழமை நுவரெலியா நோனாவிடம் போனேன். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார். கேட்காமலே இரண்டு வருசத்துப் புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். சான்றிதழ் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ரயிலில் போகிறேன். பிள்ளைக்காம்பராவில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். நீ ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்து நில். ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். உனக்கு மனம் இருந்தால் ஏறிக்கொள், இல்லாவிட்டால் கையைக் காட்டினால் போதும்.

சிறை வாசலில், பார்க்க வந்தவர் சின்னராசாவுக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதுவார்கள். யோசித்து வைத்துவிட்டேன். அக்கா என்று சொல்லப்போகிறேன்.

நாகலெட்சுமி